மணல் என்று சொன்ன இடம்

ரேஷ்மி நீலப் பேனாவால் போட்ட வட்டம் மரியஜானின் பாரின் மேல் நேராகப் போய் உட்கார்ந்தது.

மாதா கோயிலை ஒட்டிய மண்டபத்தின் தரையில் கடலின் பெரிய வரைபடம் விரித்துக் கிடந்தது. அதைச் சுற்றி ஊர் உட்கார்ந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், மீன் விற்கும் பெண்கள் மறுபக்கம். இதுதான் இடம் என்று ரேஷ்மி நிமிர்ந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். மரியஜானும் தட்டினான். தட்டிக்கொண்டே கரைக்கும் வட்டத்துக்கும் உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்தான். திரும்பவும் அளந்தான். சந்தேகமே இல்லை.

கரையில் நின்று பார்த்தால் கடல் எல்லா இடத்திலும் ஒன்றுபோலத் தெரியும். அடியில் அப்படி இல்லை. பரந்த மணல்வெளி, நடுவே எங்கோ ஒரு பாறைத்திட்டு. அதைத்தான் பார் என்பார்கள். வெறும் மணலில் மீன் தங்காது, ஒளிய இடமில்லை. பாறையில் பொந்து உண்டு. பொந்தைச் சுற்றிப் பாசி வளரும், பாசிக்குச் சிறுமீன் வரும், சிறுமீனுக்குக் கலவாயும் விளமீனும் வரும். மரியஜானின் பார் சிறியது. கோயில் முற்றம் அளவு இருக்கலாம், ஓர் ஆள் உயரம். பல வருஷம் முன்பு நங்கூரம் எதிலோ மாட்டிக்கொண்டபோது, கயிற்றை அறுக்க மனசில்லாமல் தூண்டிலை இறக்கிப் பார்த்து அவன் கண்டுபிடித்தது.

அங்கே திரும்பிப் போக அவன் ஜிபிஎஸ்ஸில் குறித்து வைக்கவில்லை. கருவியை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்துவிடலாம். கணிச்சம் போதும். கணிச்சம் என்பது கரையில் உள்ள அடையாளங்களை ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிறுத்திக் கடலில் இடம் பிடிக்கும் வித்தை. மாதா கோயில் கோபுரத்துச் சிலுவை, அதற்குப் பின்னால் வெகுதூரத்தில் நிற்கும் கூம்பன்மலையின் பிளவுக்குள் சரியாக விழ வேண்டும். விழுந்தால் வள்ளம் ஒரு கோட்டின் மேல் நிற்கிறது என்று அர்த்தம். அந்தக் கோட்டிலேயே எவ்வளவு தூரம் உள்ளே போனாலும் சிலுவை பிளவை விட்டு விலகாது. அதனால் இன்னொரு கோடு வேண்டும். மேற்கே திரும்பினால் ஐஸ் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டி தெரியும். அதற்குப் பின்னால் செல்போன் டவர் முழுக்க மறையும் வரை ஓட்ட வேண்டும். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

இதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் நிறைய மீனோடு கரையேறியவனிடம் "எங்கயாக்கும்?" என்று கேட்காமல் போவதும் மரியாதையில்லை, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பதும் மரியாதையில்லை. ஆகவே துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கோட்டை உள்ளபடி சொல்வார்கள், மற்றதை மாற்றிச் சொல்வார்கள். கேட்பவனுக்கும் அது தெரியும். அவனும் நாளை அப்படித்தான் சொல்லப்போகிறான். இதைப் பொய் என்று அங்கே யாரும் நினைத்ததில்லை.

ரேஷ்மி வந்தபோதும் இந்த வழக்கம்தான் நடந்தது.

அவள் மார்த்தாண்டத்துக்காரி, கடலாராய்ச்சி படித்த பொறியாளர். சிமெண்டில் கூடுகள் செய்து கடலில் இறக்கிச் செயற்கைப் பார் உண்டாக்கும் திட்டத்தோடு வந்தாள். மீன் பெருகும்; இழுவைப் படகுகள் வலை கிழியும் என்று பயந்து கரைக்குக் கிட்டே வராது. இது புதிய யோசனை இல்லை. ஆனால் வேறு சில இடங்களில் யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்து வரைந்து இறக்கிய கூடுகள் மணலில் புதைந்துபோனதை அவள் பார்த்திருந்தாள். "நான் வரைய மாட்டேன். கடல்ல போறது நீங்க. நீங்க சொல்லுங்க, நான் கணக்குப் போட்டுத் தாறேன்" என்றாள்.

முதலில் சிரித்தவர்கள் பிறகு விடவில்லை. களிமண்ணிலும் தெர்மாகோலிலும் கூடுகள் செய்து வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள். தூண்டில்காரர்களில் கை தேர்ந்தவனான ததேயு, விளிம்பெல்லாம் உருண்டையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தூண்டில் நரம்பு உரசி அறுந்துவிடும் என்றான். மரியஜானின் மனைவி சிந்தியா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, "சிங்கி இறாலு பெரிய வாசலுக்க உள்ள போவாது மேடம். குனிஞ்சு நொழையிய எடம்தான் அதுக்கு வேணும்" என்றாள். கூட்டின் அடியில் தட்டையான பிளவு வந்தது. மரியஜான் சொன்னது காலைப் பற்றி. அலை வந்து திரும்பும்போது கடற்கரையில் நிற்பவனின் காலடி மணல் கரைந்து போவதில்லையா? கூட்டின் காலடியிலும் அப்படித்தான் கரையும், கூடு பைய இறங்கிப் புதையும். அதனால் அடி அகலமாக வேண்டும், தண்ணீர் ஊடே போக ஓட்டை வேண்டும். அடி கனமாக இருந்தால் தலையாட்டிப் பொம்மை மாதிரி எப்படிப் போட்டாலும் நிமிர்ந்தே இறங்கும். ரேஷ்மி அன்று இரண்டு கையையும் தட்டிச் சிரித்தாள். அவன் வீட்டுக்கு வந்து அதைச் சிந்தியாவிடம் மூன்று தடவை சொன்னான்.

கூடு இறக்கும் இடத்தில் இரண்டு வருஷம் யாரும் தொழில் செய்யக்கூடாது, பாசி பிடித்து மீன் பெருகட்டும் என்று ஒரு விதியும் அவர்களே போட்டார்கள். மரியஜானும் கை தூக்கினான்.

அதற்கு நடுவில் ஒரு நாள் வரைபடத்தை விரித்து, ரேஷ்மி ஆளுக்கொரு சிப்பி கொடுத்தாள். பார் இருக்கும் இடத்தில் வைக்கச் சொன்னாள். கூடுகளை இருக்கிற பாரின் மேல் போட்டுவிடக் கூடாது, வெறும் மணலில்தான் போட வேண்டும், அதற்காக. தூண்டில்காரர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து வைத்தார்கள். மரியஜான் கோபுரக் கோட்டைச் சரியாகப் பிடித்தான், மற்றக் கோட்டைத் தெற்கே தள்ளினான். சிப்பி ஆழக்கடல் பக்கம் போய் விழுந்தது. அவனுடைய பார் கிடந்த இடம் வெள்ளையாக இருந்தது. "இங்க என்ன?" என்று ரேஷ்மி அதன் மேலேயே விரலை வைத்துக் கேட்டாள்.

"மணலு" என்றான். யோசிப்பதற்கு முன்பே நாக்கு சொல்லிவிட்டது.

பிறகு சர்வே படகு வந்து ஒலியை அடிக்கு அனுப்பி ஆழம் பார்த்தது. சிப்பி வைத்த இடங்களில் நெருக்கமாகக் கோடு கோடாக ஓடியது. மணல் என்று சொன்ன இடத்தில் செலவை மிச்சம் பிடிக்க அகல அகலமாக ஓடியது. இரண்டு கோட்டுக்கு நடுவே மரியஜானின் பார் அகப்படாமல் கிடந்தது.

வட்டம் போட்ட கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சிந்தியா கேட்டாள்.

"என்ன, மொகம் இப்பிடிக் கெடக்கு? ஊரே சந்தோசமா இருக்கு."

"வட்டம் நம்ம பாருக்க மேலயாக்கும்."

அவள் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தாள். "அங்க மணலுன்னு சொன்னது ஆரு?"

"நாந்தாம்."

"எதுக்கு?"

"பின்ன? அத்தன பேருக்க முன்ன பாருன்னு சொல்லவா? ததேயு சொன்னானா? ஒருத்தன் சொன்னானா?"

"அவனுவ சொன்னா என்ன, சொல்லாட்டா என்ன! வட்டம் அவனுவளுக்க மேல விழல்லியே." அவள் குரல் இறங்கியது. "அந்தப் பாரும் போனா நீங்க என்ன செய்வியன்னு எனக்குத் தெரியும்."

அவனுக்கும் தெரியும். கரைக்கு அருகில் ஒரு பார் இல்லாத தூண்டில்காரனுக்கு ஒரே வழிதான் இருந்தது. தேங்காய்ப்பட்டணத்தில் போய் ஆழ்கடல் விசைப்படகில் ஏறுவது. ஏறினால் வாரக்கணக்கில் கரை இல்லை. சிந்தியாவின் மூத்த அண்ணன் அப்படி ஏறிப்போனவன். ஒக்கிப் புயல் அடித்த வருஷம் படகும் வரவில்லை, உடலும் வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவன் சட்டையைத்தான் அடக்கினார்கள். அதன் பிறகு சிந்தியா மரியஜானையும் தன் தம்பி பெனினையும் ஆழ்கடல் பக்கம் விடவில்லை. காலையில் போய் மத்தியானம் திரும்பும் அந்தச் சின்னப் பார்தான் இரண்டு பேரையும் கரையில் பிடித்து வைத்திருந்தது.

"ஞாயிறு கூட்டத்தில எழும்பிச் சொல்லுங்க" என்றாள். "மானம் போனாப் போட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மண்டபம் நிறைந்ததும் மரியஜான் எழுந்தான். வட்டம் போட்ட இடத்தில் பார் உண்டு, நான்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றான்.

பின்னாலிருந்து ஒருவன், "மரியஜான் பாருன்னு சொன்னா அங்க கட்டாயம் மணலாக்கும், தைரியமாப் போடுங்க மேடம்!" என்றான். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. "ஏலே மக்கா, இவனுக்க வீட்டு வாசலில கொண்டு கூட்ட எறக்கணுமாம்" என்றான் இன்னொருவன். அதற்கும் சிரிப்பு.

ரேஷ்மி சிரிக்கவில்லை. "வந்து சிப்பியை மாத்தி வையுங்க அண்ணே" என்றாள். அவன் குனிந்து சிப்பியை எடுத்து வட்டத்துக்கு நடுவே வைத்தான். துறையில் அதுவரை யாரும் செய்யாத காரியம் அது.

அவள் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது உண்மைன்னா நாம ரெண்டாவதா பார்த்து வச்ச கிழக்க உள்ள இடத்துக்குப் போகணும்" என்று ததேயுவின் சிப்பிக்கு அருகே, மணல் என்று எழுதியிருந்த வெள்ளைப் பகுதியைக் காட்டினாள். பிறகு நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் ஏதோ புரிந்திருக்க வேண்டும். "இதுபோல வேற ஆரும் மாத்தி வச்சிருக்கியளா? நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆருன்னு கேக்கக்கூட மாட்டேன். வெளியே போய் நிக்கேன். மாத்த வேண்டியவங்க மாத்துங்க. அப்புறம் கூப்பிடுங்க."

அவள் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே மின்விசிறிகள் மட்டும் சுற்றின. வரைபடத்தின் ஓரங்கள் காற்றில் எழும்பி அடங்கின. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒருவன் இருமினான். "ததேயு, ஒனக்க சிப்பி வேர்த்து வடியுதே" என்றான் ஒருவன். ததேயு "ஒனக்க சிப்பியப் பாரு, அது கரையில ஏறி நிக்கி" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்து அடங்கினார்கள். ஒருவரும் எழவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து சிந்தியா, "இஞ்ச உள்ள ஆம்பளைகள் ஒக்க ஊமையாப் போனியளா?" என்று கேட்டாள். கடைசியில் யாரோ போய்க் கதவைத் திறந்தார்கள்.

ரேஷ்மி வந்து பார்த்தாள். ஒரு சிப்பியும் நகரவில்லை.

மறுபடி சர்வே வைக்க வழியில்லை என்று அவள் விளக்கினாள். படகு வேறு கரைக்குப் போய்விட்டது. கூடுகள் வார்த்துக் காய்ந்து துறைமுகத்தில் கிடக்கின்றன. கடல் குணம் மாறுவதற்குள் கிரேன் மிதவை வந்து போக வேண்டும். தண்ணீர் கலங்கிக் கிடப்பதால் கேமரா இறக்கினாலும் ஒன்றும் தெரியாது. சிறிய வள்ளத்தில் அவளே போய்ப் பார்க்கலாம் என்றால் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். அது வருவதற்குள் மிதவை போய்விடும். "உங்கள்ல ஒருத்தர் மரியஜான் அண்ணன் கூடப் போய் அடியைப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. ஊர்க் கமிட்டி சொல்லுறதை நான் ஏத்துக்கிடுதேன்" என்றாள்.

கமிட்டி ததேயுவை அனுப்பியது. கயிற்றைப் பிடித்தே அடியைப் படிப்பதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை என்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

மறுநாள் காலையில் மூன்று பேர் போனார்கள். பெனின் எஞ்சினைப் பிடித்தான். மரியஜான் முன்னால் நின்று கையை ஆட்டி வழி காட்டினான். சிலுவை பிளவுக்குள் வந்தது. தொட்டிக்குப் பின்னால் டவர் மறைந்தது. இரண்டு கோட்டையும் இன்னொருவன் கண்முன்னால் அவன் பிடித்தது அதுதான் முதல் தடவை. ததேயு கரையை ஒரு பார்வை பார்த்தான், உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டான். போதும், அவன் பார்த்துவிட்டான்.

அடியைப் பார்க்கும் முறை எளிது. ஈயக் குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் துணி சோப்பை அமுக்கி அடைப்பார்கள். குண்டு மணலில் விழுந்தால் கயிற்றில் ஒரு தளர்ச்சி வரும், சத்தமில்லாமல் அமரும். சோப்பில் மணல் ஒட்டி வரும். பாறையில் விழுந்தால் கயிறு விரலைச் சுண்டும். சோப்பு நசுங்கி வரும், மணல் இருக்காது.

ததேயு குண்டை இறக்கினான். கயிறு அவன் சுட்டுவிரல் மேல் ஓடியது. நின்றது. அந்த விரல் சுண்டியதை மரியஜான் பார்த்தான். பெனினும் பார்த்தான். ததேயு மேலே தூக்கி மீண்டும் இறக்கினான். மறுபடியும் விரல் துள்ளியது. பிறகு அவன் கயிற்றைக் கை கையாக இழுத்தான். குண்டு தண்ணீருக்கு மேலே வந்தது. சோப்பில் ஆழமாக ஒரு பள்ளம். பள்ளத்தில் சிவப்பாக, கடற்பஞ்சின் ஒரு துணுக்கு.

ததேயு அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பெருவிரலால் சோப்பை ஒரு தேய் தேய்த்தான். கையைக் கடலில் விட்டு அலசினான்.

"மணலு" என்றான்.

"ஏலே!" பெனின் எஞ்சினை விட்டுப் பாய்ந்தான். வள்ளம் ஒருபக்கம் சாய்ந்தது. மரியஜான் அவனைத் தோளில் பிடித்து உட்கார வைத்தான்.

"விடுங்க மச்சான்! இவனத் தூக்கி வெள்ளத்தில எறியல்லன்னா..."

"இரு மக்கா, பேசாத இரு." மரியஜான் ததேயுவுக்கு எதிரே உட்கார்ந்தான். "கெழக்க உள்ளது ஒனக்கதா?"

ததேயு குண்டைச் சாக்கில் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்து முடித்தும் துடைத்தான்.

"எனக்கும் பிள்ளைகள் உண்டு மரியஜானே."

"எனக்கு இல்லியா?"

"உண்டு. நான் இல்லன்னு சொன்னேனா?" அவன் முதல்முறையாக நிமிர்ந்தான். "நீ அன்னைக்கு மணலுன்னு சொன்னியே, இஞ்ச ஆராவது நம்பினான்னு நெனச்சியா? நீ தெனமும் எந்தப் பக்கத்தில இருந்து வாறன்னு ஊருக்குத் தெரியாதா? அங்ஙன என்னமோ உண்டுன்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் கை தட்டினோம். நம்ம மேல விழல்லியேன்னு தட்டினோம். வட்டம் எனக்க மேல விழுந்திருந்தா நீ தட்டியிருக்க மாட்டியா?"

மரியஜானும் தட்டியிருப்பான்.

பெனின் எஞ்சினை முடுக்கி வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினான். இறங்கும்போது ததேயு குண்டை ஈர மணலில் ஒரு தடவை அழுத்தி எடுத்ததைப் பெனின் பார்த்தான்.

மண்டபத்தில் குண்டு மேஜைமேல் இருந்தது. சோப்பில் மணல். பெனின் கத்தினான், கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். "மச்சானுக்க ஆளு வேற என்ன சொல்லுவான்!" என்று அவனை அடக்கினார்கள். ரேஷ்மி குண்டைக் கையில் எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மரியஜானிடம் கேட்டாள். "ஜிபிஎஸ்ல எங்கயாவது குறிச்சிருக்கியளா அண்ணே?"

"இல்ல மேடம்."

"அங்க மீன் பிடிக்கும்போது ஒரு போட்டோ, வீடியோ?"

"அதும் இல்ல." ஒரு தடயமும் விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனை வருஷமும் அவன் கவனமாக இருந்தான்.

"எனக்கு மனசு ஒப்பல்ல" என்று ரேஷ்மி எல்லாரிடமும் சொன்னாள். "ஆனா நீங்கதான் முடிவெடுக்கணும்னு நான் முதல்நாளே வாக்குக் கொடுத்திருக்கேன். இப்போ என் இஷ்டத்துக்கு மாத்தினா இவ்வளவு நாள் பேசினதுக்கு அர்த்தமில்ல."

கைகள் எழுந்தன. ஆண்கள் பக்கம் கிட்டத்தட்ட எல்லாம் எழுந்தன. பெண்கள் பக்கம் பாதி. சிந்தியா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் மரியஜான் முகத்தைப் பார்த்துக் கை தூக்கவில்லை. தரையைப் பார்த்துத் தூக்கினார்கள்.

மிதவை வந்த அன்று கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அமைதியாகக் கிடந்தது. ஊர் வள்ளங்கள் கொடி கட்டிக்கொண்டு சுற்றி நின்றன. மரியஜான் போக வேண்டாம் என்றுதான் நினைத்தான். ஆனால் போனான். கிரேன் முதல் கூட்டைத் தூக்கித் தண்ணீருக்கு மேல் நிறுத்தியது. கொக்கி விட்டது. கூடு ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. பிறகு, அவன் வாளித் தண்ணீரில் எத்தனையோ தடவை பார்த்ததுபோலவே, கனமான அடி அதைத் திருப்பியது. நிமிர்ந்தே இறங்கியது. அகலமான அடி. மணலில் என்றால் மெத்தென்று அமரும். பாறையில் எப்படி அமரும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு டன் எடை, அடி முழுவதும் தட்டை, உருண்டு விலகாது, சரிந்து போகாது. விழுந்த இடத்தை நசுக்கிவிட்டு அங்கேயே நிற்கும். அதற்காகத்தான் அவன் அப்படிச் செய்யச் சொன்னான்.

கூடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஒவ்வொன்றும் விழுந்த சிறிது நேரத்தில் குமிழிகள் கொப்பளித்து வரும், ஊர் ஆரவாரம் செய்யும். பிறகு தண்ணீர் அழுக்காகும். மத்தியானம் ஆனபோது கலங்கலோடு வேறு சிலவும் மேலே வந்தன. மயிலிறகுபோல விரிந்த கடல்விசிறியின் ஒடிந்த கிளைகள். கடற்பஞ்சுத் துண்டுகள். வயிறு ஊதிய சின்னச் சின்ன மீன்கள். பெனின் ஒரு விசிறித் துண்டைக் கையால் அள்ளி, பக்கத்து வள்ளத்தில் நின்ற ததேயுவுக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்தான். ததேயு திரும்பி நின்று பீடி பற்ற வைத்தான். மிதவையின் மேலிருந்த ரேஷ்மி பார்க்கவில்லை. இறங்கும் கூடுகளின் எண்ணை ஒருவர் படிக்க, அவள் குறித்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு மரியஜானும் பெனினும் மணலில் தூண்டில் போட்டார்கள். பழைய இடத்துக்குப் போக முடியாது. அங்கே சிவப்பு மிதவைகள் கட்டியிருந்தார்கள். விதியை மீறுகிறவர்களைப் பார்த்துக்கொள்ளக் கமிட்டி முறை வைத்து ஆள் போட்டிருந்தது. ஒரு வாரம் மரியஜானுக்கும் முறை வந்தது. அவன் போய்த் தன் பாரைக் காவல் காத்தான். மழைக்காலம் போயிற்று. வீட்டில் மீன்குழம்புக்குச் சந்தையில் மீன் வாங்கும் நாட்கள் வந்தன. சிந்தியாதான் போய் வாங்கிக்கொண்டு வந்தாள்.

தண்ணீர் தெளிந்ததும் முக்குளிப்பவர்கள் இறங்கி எடுத்த வீடியோவை ரேஷ்மி மண்டபத்துச் சுவரில் காட்டினாள். அவளும் அப்போதுதான் முதல்முறை பார்க்கிறாள். நீலம், நீலம், பிறகு ஒரு கூடு. அடுத்தது. கேமரா கீழே போயிற்று. சிந்தியா சொன்ன தட்டைப் பிளவுக்குள் இரண்டு நீண்ட மீசைகள் அசைந்தன.

"சிங்கி! சிங்கி!" என்று பெண்கள் கூவினார்கள். "ஏட்டி சிந்தியா, ஒனக்க வீட்டுக்கு ஆளு வந்தாச்சு!"

சிந்தியா சிரிக்கவில்லை. கேமரா இன்னும் இறங்கி, கூடு நின்ற தரையைக் காட்டியது. மணல் இல்லை. பாறை. கருப்பாகப் பிளந்து, விளிம்பெல்லாம் நொறுங்கிய பாறை. கூட்டின் அடியிலிருந்து கடல்விசிறியின் அடித்தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கேமரா நகர நகரப் பாறைதான், அடுத்த கூடு வரை, அதற்கு அப்பாலும். கூவல் ஒவ்வொரு வரிசையாக அடங்கியது.

ரேஷ்மி வீடியோவை நிறுத்தினாள். சுவரில் பாறை அப்படியே நின்றது. அவள் கமிட்டியைப் பார்த்தாள். ததேயுவைப் பார்த்தாள். ததேயு, "மீன் வந்திருக்கில்லா மேடம்? ஊருக்கு அதுதானே வேணும்" என்றான். அவன் குரலில் திமிர் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வெளியே வாதாமர நிழலில் ரேஷ்மி மரியஜானைப் பிடித்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

"அண்ணே, நீங்க சொன்னது உண்மை. அறிக்கையில நான் எல்லாத்தையும் எழுதுவேன். எனக்க தப்பையும்."

"எழுதுங்க மேடம்."

"அடுத்த மாசம் மேற்கே இன்னொரு ஊர்ல தொடங்குறோம். வரைபடம் போடுறதுக்கு முன்ன நீங்க ஒரு தடவை வந்து அவங்ககிட்ட பேசுவியளா? நடந்ததை உள்ளபடி சொன்னாப் போதும்."

மரியஜான் கொஞ்சம் யோசித்தான். அவளுக்கு உதவ வேண்டும் என்றுதான் இருந்தது. நல்ல பிள்ளை.

"சொல்லலாம் மேடம். கேட்டுட்டு அவிய என்ன செய்வாவன்னா, சிப்பிய இன்னும் கொஞ்சம் தள்ளி வைப்பாவ." பிறகு, "நான் வர முடியாது. திங்கக்கிழமை தேங்காய்ப்பட்டணத்தில படகு ஏறுதேன்" என்றான்.

அவள் எதுவோ கேட்க வாயெடுத்தாள். மண்டபத்திலிருந்து சிந்தியா வெளியே வந்து, இரண்டு பேரையும் பார்க்காமல் கடந்து, வீட்டைப் பார்த்து நடந்தாள். அவளுக்கு அவன் இன்னும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று அவள் நடையில் தெரிந்தது.

திங்கட்கிழமை அவள் துறைமுகத்துக்கு வரவில்லை. துணி மூட்டையைப் பெனின் தூக்கி வந்தான். அவனும் வேறொரு படகில் ஏறுவதாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் ஒரே படகில் வேண்டாம் என்பதை மட்டும் சிந்தியா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். விசைப்படகின் கிடங்குக்குள் ஐஸ் நொறுக்கிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்டி, மரியஜானைவிடப் பதினைந்து வயதாவது இளையவன், மேலிருந்து குனிந்து பார்த்தான்.

"தொழில் தெரியுமா ஓய்?"

"சின்ன வயசில இருந்து கைத்தூண்டில்."

"தூண்டிலுக்கு இஞ்ச வேலையில்ல. வலை இழுப்பீரா?"

"இழுப்பேன்."

"இதுக்கு முன்ன இழுத்திருக்கீரா?"

"இல்ல. படிச்சுக்கிடுதேன்."

ஓட்டி அவன் தலையிலிருந்த நரையைப் பார்த்தான், கையைப் பார்த்தான், உள்ளே போகச் சொல்லித் தலையை ஆட்டினான். பெனின் மூட்டையை மேலே எறிந்தான். மரியஜான் அதைப் பிடித்துக்கொண்டு, ஐஸ் ஈரத்தில் வழுக்காமல் பலகையைப் பற்றி உள்ளே ஏறினான்.